மிஸ்டர் மாடசாமி

உங்களை யாராவது உங்கள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்களா? நான் பார்க்கிறேன். தினமும். மத்தியானம் சரியாக இரண்டரை மணிக்கு.

அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் பில், வவுச்சர், வரவு செலவெல்லாம் பார்க்கிற சென்னை ஆபீஸில் எனக்கு உத்தியோகம். நாம் சாப்பிட்டுவிட்டு லேசாகக் கண் சொருகும் நேரத்தில் டப்ளினில் ஆபீஸ் திறக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிவந்த முகம் தோன்றும். "குட்மார்னிங் மிஸ்டர் மாடசாமி!" என்று மலரும்.

என் பெயர் கணேசன். மாடசாமி என்பவர் ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில், வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக் கொண்டிருப்பார். என் அப்பா.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பாஸ்போர்ட். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு நெட் சென்டர் அண்ணாச்சிதான் எனக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்.

"சர்நேம் என்ன தம்பி?"

"அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி."

"கிடையாதுன்னா எப்படி? கட்டம் இருக்குல்ல?"

"இனிஷியல் இருக்கு. எம்."

"அப்ப எம்மை விரிங்க!"

விரித்தேன். அப்பா வந்து கட்டத்துக்குள் உட்கார்ந்து கொண்டார்.

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் காலியாக விட்டவர்கள் பட்ட பாடு வேறு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது. துபாய்க்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த தமிழ்நாட்டு ஆசாமிகள் வயிற்றில் புளி கரைந்தது. அப்புறம் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று இறங்கி வந்தார்கள். அமெரிக்காக்காரன் இன்னும் மோசம். ஒற்றைப் பெயரோடு போனால் அதைச் சர்நேம் கட்டத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்து விடுகிறான். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். பெயர் வைக்க விருந்து போட்டு, காதில் மூன்று தடவை சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததெல்லாம் வீண்!

*

டப்ளினில் என்னோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் ஓ'பிரையன் வகையறா. ஒருநாள் கணக்கு நேராகிவிட்ட சந்தோஷத்தில் கேட்டு வைத்தேன். "சார், உங்க பேருக்கு முன்னால ஏன் ஒரு 'ஓ' போட்டு ஆச்சரியப்படுறீங்க?"

மனிதர் கோபித்துக் கொள்ளவில்லை. அரை மணி நேரம் பாடம் எடுத்தார். (அன்றைய வவுச்சர்கள் இன்றுவரை முடியவில்லை.) அவர் சொன்னதை வைத்துக் கொண்டு நானும் கொஞ்சம் புத்தகம் புரட்டினேன்.

'ஓ' என்றால் ஆச்சரியம் இல்லை. பேரன்! ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மேக்' என்றால் மகன். பிரையன் போரு என்று ஒரு ராஜா இருந்தார். 1014-இல் க்ளான்டார்ஃப் என்ற இடத்தில் நடந்த போரில் செத்துப் போனார். அவருடைய வம்சம் 'ஓ'பிரையன்' ஆயிற்று. ஆயிரம் வருஷம் கழித்தும் தாத்தா பெயரை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் ராஜராஜ சோழன் தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டி முடித்த காலம் அது. 'நான் ராஜராஜன் பேரன்' என்று இன்றைக்கு ஒருத்தன் இனிஷியல் போட்டால் எப்படி இருக்கும்? (போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு விஷயம்.)

இதற்கும் முந்தியது 'ஓ க்ளேரி'. அந்தப் பெயர்க்காரர் ஒருவர் 916-இல் இறந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஐரோப்பாவிலேயே எழுத்தில் பதிவான மிகப் பழைய குடும்பப் பெயர்களில் ஒன்று என்கிறார்கள். அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் 'மர்ஃபி' மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு மர்ஃபிகள். அதற்கு அர்த்தம் 'கடல் வீரன்'. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குடும்பப் பெயர் 'ஓ கின்னேடி'. அர்த்தம் கேட்டால் ஒரு சாரார் 'தலைக்கவசம் போட்டவன்' என்கிறார்கள். இன்னொரு சாரார் 'அவலட்சணத் தலையன்' என்கிறார்கள்! அந்தத் தலையைப் பார்த்து எத்தனை பெண்கள் மயங்கினார்கள் என்பது சரித்திரம்.

பெண்களுக்கு 'ஓ' கிடையாது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் 'நீ'. 'இன்னார் பேரனின் மகள்' என்பதன் சுருக்கம். கல்யாணம் ஆனால் அதுவும் மாறிவிடும். இதை வீட்டில் போய்ச் சொன்னேன். "அங்கேயும் இதே கதைதானா?" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்கு ஒரு காரணம் உண்டு. பிறகு வருகிறேன்.

1465-இல் ஒரு சட்டம் வந்தது. டப்ளினைச் சுற்றி இங்கிலீஷ்காரன் கையில் இருந்த நான்கு கவுண்டிகளில் வசித்த ஐரிஷ்காரர்கள் அத்தனை பேரும் இங்கிலீஷ் சர்நேம் வைத்துக் கொள்ள வேண்டுமாம். ஒரு ஊர்ப் பெயரோ, கறுப்பு வெள்ளை பழுப்பு என்று ஒரு நிறமோ, கொல்லன் தச்சன் என்று தொழிலோ, சமையல்காரன் மாதிரி உத்தியோகமோ... எதையாவது எடுத்துக்கொள், ஆனால் இங்கிலீஷில் இருக்கட்டும் என்றார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் பயந்து போய் 'ஓ'வையும் 'மேக்'கையும் கழற்றி வைத்தவர்கள் ஏராளம். கொல்லன் மகன் என்று அர்த்தமுள்ள 'மேக் கவன்' சில இடங்களில் நேராக 'ஸ்மித்' ஆகிவிட்டான். என் அப்பா அங்கே பிறந்து, ஏதாவது ஒரு குமாஸ்தா மாட்டையும் சாமியையும் தனித்தனியாக மொழிபெயர்த்திருந்தால்... வேண்டாம், நினைக்கவே பயமாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சொந்த மொழி மேல் ரோஷம் வந்த பிறகுதான் பலர் பரணில் போட்ட 'ஓ'வை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக் கொண்டார்கள்.

அந்த 'ஓ'வுக்குப் பக்கத்தில் தொங்குகிற சின்னக் கொக்கி இருக்கிறதே, அது ஐரிஷே இல்லையாம். அவர்கள் 'ஓ'வின் தலைமேல் ஒரு சாய்வுக் கோடு போடுவார்கள். அதை இங்கிலீஷ் எழுத்தர்கள் பக்கத்தில் இறக்கிக் கொக்கி ஆக்கிவிட்டார்கள். 2011 மே மாதம் டப்ளினுக்கு வந்த ஒபாமா இதை வைத்தே கைதட்டல் வாங்கினார். அவருடைய அம்மா வழியில் மனிகால் என்ற ஐரிஷ் கிராமத்து ரத்தம் உண்டு. வழியில் எங்கேயோ தொலைந்து போன கொக்கியைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றார். ஓ'பாமா!

"ஆனா அந்தக் கொக்கியால பெரிய தொல்லை. ஏர்லைன்ஸ்காரன், பேங்க்காரன் கம்ப்யூட்டரெல்லாம் அதைப் போட்டா 'தவறான எழுத்து'ங்குது" என்று அலுத்துக் கொண்டார் நம்மவர்.

எனக்கு அப்படியே கட்டிப்பிடித்துக் கொள்ளலாம் போலிருந்தது. ஆயிரம் வருஷப் பெயரை வைத்துக் கொண்டு அவரும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சர்நேமே இல்லாத நானும் அடங்கவில்லை.

*

"சர்நேம் இல்லாமல் ஒரு ஜனமா?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அவருடைய 'ஓ'வை விடப் பெரிய ஆச்சரியம்.

விளக்கப் பார்த்தேன். சர் சி.வி.ராமன் 1930-இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983-இல் வாங்கினார். சித்தப்பாவும் மகனும். வேறு எந்த நாடாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே கடைசிப் பெயர் இருந்திருக்கும். நோபல் பட்டியலைப் பார்க்கிற வெள்ளைக்காரனுக்கு இவர்கள் உறவு என்றே தெரியாது. ராமனின் அப்பா பெயர் சந்திரசேகரன். தாத்தா பெயரைத் தூக்கி அப்படியே பேரனுக்கு வைத்துவிட்டார்கள். அதுதான் நம் ஊர் வழக்கம்.

செஸ் ஆனந்த்? விஸ்வநாதன் என்பது அவருடைய அப்பா. உலகம் பூராவும் 'விஷி, விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறதே, அது யாரை என்கிறீர்கள்? பெரியவரை! எனக்குத் துணைக்கு ஒரு உலக சாம்பியன் இருக்கிறார் என்று அன்றைக்கு ஓர் ஆறுதல்.

இந்த மாதிரிப் பெயர் வைப்பது நேற்று முளைத்ததும் இல்லை. சங்கப் புலவர் ஒருவர் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, அப்புறம்தான் ஆள். இன்றைக்கென்றால் ம.க.நக்கீரன். இன்னொருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஊர், தெரு எல்லாம் உண்டு, பின்கோடு ஒன்றுதான் பாக்கி.

சரி, தமிழ்நாட்டில் அசல் சர்நேம் எங்கேயுமே இல்லையா? இருக்கிறது. எங்கே தெரியுமா? எங்கள் ராஜபாளையத்தில்! நாய்க்கு அடுத்தபடியாக நாங்கள் பெருமைப்பட வேண்டிய சமாசாரம் இது. விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் 'இன்டிபேரு' என்று வீட்டுப் பெயரை மூட்டையோடு கொண்டு வந்தார்கள். இங்கே வந்ததும் நம் ஊர்ப் பழக்கப்படி அதைச் சுருக்கி இனிஷியலுக்குள் மடித்து வைத்துக் கொண்டார்கள். 1949-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்), 1952 வரை ஆண்ட பி.எஸ்.குமாரசாமி ராஜா எங்கள் ராஜபாளையத்துக்காரர். அந்த 'பி' என்ன? பூசபாடி.

1936-இல் இந்திய கிரிக்கெட் அணிக்குக் காப்டனாக இங்கிலாந்து போனாரே, விஜயநகரம் மகாராஜகுமார் 'விஸ்ஸி', அவருக்கும் வீட்டுப் பெயர் பூசபாடிதான். ஒருத்தர் ஆந்திராவின் வடகோடி அரண்மனையில், ஒருத்தர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில். நடுவில் ஆயிரம் கிலோமீட்டர். இனிஷியலை விரித்தால்தான் ஒரே வீட்டுப் பெயர் என்று தெரியும். 2024-இல் உலக செஸ் சாம்பியன் ஆன சென்னைப் பையன் டி.குகேஷ் இருக்கிறாரே, அந்த 'டி'க்குள்ளேயும் டொம்மராஜு என்று ஒரு தெலுங்கு வீட்டுப் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

மற்றபடி நம்மிடமும் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. ஜாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், அந்த வாலை வெட்டிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தெருவில், கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையில் கொஞ்சம் கொஞ்சமாக வால் உதிர்ந்தது. 'உங்க முழுப் பேர் என்ன?' என்று இழுத்து, வால் பிடித்துப் பார்க்கிற பார்வை இன்னும் முழுசாகப் போகவில்லைதான். ஆனாலும் அந்தக் கட்டம் நமக்குக் காலியாக இருப்பதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு என்று டப்ளின்காரரிடம் சொன்னேன். தலையாட்டினார். அவர்களிடம் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள், நாங்களாகவே கழற்றி எறிந்தோம்.

அயர்லாந்து ஆசாமி ஒருவர் எங்கள் சீமைக்கே வந்து குடியிருந்ததையும் அவரிடம் சொல்லி வைத்தேன். 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த கால்டுவெல். 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் தங்கி, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். அவர் சர்நேமுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'குளிர்ந்த ஊற்று'! வெயில் கொளுத்தும் பனங்காட்டு ஊரில் அந்தப் பெயரோடு காலம் தள்ளியிருக்கிறார் மனிதர்.

*

இவ்வளவு சொன்னேனே, என் கதையில் ஒன்றை மட்டும் டப்ளின்காரரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நின்றவர். இந்தியாவில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் கட்டுகிற துணியில் என் பங்கும் இருக்கலாம் என்பார். சம்பள நோட்டில் 'மாடன்' என்றுதான் எழுதியிருப்பார்கள். 'சாமி'யைச் சேர்த்து எழுத யாருக்கும் நேரம் இல்லை.

ஸ்கூலில் நான் சோ.மா.கணேசன். 'சோ' என்பது சோழபுரம். (கும்பகோணம் பக்கம் ஒரு சோழபுரம், சிவகங்கைப் பக்கம் ஒரு சோழபுரம் உண்டு. எங்களுடையது பாண்டிய நாட்டில் மாட்டிக் கொண்ட சோழபுரம். சென்னையில் ஊர் பெயரைச் சொன்னால், "ஷோலாப்பூரா? போர்வைக்கு ஃபேமஸ் ஆச்சே!" என்கிறார்கள்.) காலேஜில் சேர்ந்ததும் முதல் காரியமாக ஊரைக் கழற்றிவிட்டு எம்.கணேசன் ஆனேன். 'அலைபாயுதே' வந்து ஓடிக் கொண்டிருந்த வருஷம். ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான், "எம்-னா என்னடா?"

"மாதவன்" என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது.

மூன்று வருஷம் என் அப்பா மாதவனாக இருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பொங்கல் லீவில் ஒரு சிநேகிதன் சொல்லாமல் கொள்ளாமல் சோழபுரத்தில் வந்து இறங்கிவிட்டான். டீக்கடையில் நின்று, "மாதவன் சார் வீடு எது?" என்று விசாரித்திருக்கிறான்.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் முழித்திருக்கிறார்கள். "எந்த மாதவன்?"

"என் ஃப்ரெண்டு கணேசனோட அப்பா."

பெஞ்சின் ஓரத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு டீ குடித்துக் கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்.

"நான்தான் தம்பி மாதவன். வாங்க."

வீட்டுக்குக் கூட்டி வந்தார். கோழி அடித்துப் போட்டார். அவன் இருந்த இரண்டு நாளும் அம்மாவிடம்கூடக் காட்டிக் கொள்ளவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடை விஷயம் சிநேகிதன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவன் அதை வேடிக்கையாகச் சொன்னான். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் அதைப் பற்றிப் பேச நாலைந்து தடவை வாயைத் திறந்திருக்கிறேன். "மழை உண்டாப்பா?" என்று கேட்டுவிட்டு மூடிவிடுவேன்.

*

இப்போது பெருமூச்சுக்கு வருவோம்.

வயசு கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. மாமியார் வீடு ராஜபாளையம் என்பதால் பிரசவம் அங்கேதான். பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் காலியாகவே கிடந்தது. பெயரை ஒரு வருஷத்துக்குள் பதிந்துவிட்டால் காசு கிடையாது. அப்புறம் பதினைந்து வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். இந்த விஷயம் தெரியாமல் ஸ்கூல் அட்மிஷன் அன்றைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். சான்றிதழை இப்போதே எடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பதினோரு மாசம் ஓடிவிட்டது. பாப்பா வீட்டில் 'குட்டிமா', எதிர்வீட்டில் 'புஜ்ஜி', தடுப்பூசி அட்டையில் 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயர்.

மனைவிக்கு ஷ, ஸ, ஹ மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மைத்துனனுக்கு நியூமராலஜி. அப்பாவுக்கு அவருடைய அம்மா பெயர், கோதையம்மாள். "பேத்திக்கு வைக்காம வேற யாருக்குடா வைக்கிறது?" என்று போனில் ஒரே வரி. இதற்கு நடுவில் எனக்கு டப்ளின் பைத்தியம். குழந்தைக்கு உருப்படியாக ஒரு சர்நேம் வேண்டும், நாளைக்கு அவள் எந்தக் கட்டத்துக்கு முன்னாலும் முழித்துக் கொண்டு நிற்கக் கூடாது.

"உங்க பேர்தானே இனிஷியல்? பத்து மாசம் சுமந்து பெத்தது நானு. எனக்கு அரை இனிஷியல்கூடக் கிடையாதா?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. அயர்லாந்தில் பெண்களுக்கு 'நீ' போடுகிறார்கள் என்று நான் சொன்னது இந்த நேரத்தில்தான். பெருமூச்சு ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா?

பெயர் விஷயத்தில் எங்கள் தாலுகாவுக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் புத்தி சொல்லியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார். காசு கிடைக்கும், துணிமணி கிடைக்கும் என்று ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ பிள்ளைக்கு வைக்காதீர்கள், நாராயணன் பெயரை வையுங்கள், பெற்றவளுக்கு நரகம் கிடையாது என்று பத்துப் பாட்டு பாடி வைத்திருக்கிறார். அப்போதே பணக்காரன் பெயரை வைத்துக் காரியம் சாதிக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்! அதைப் படித்தபோது என்னமோ எனக்கு 'மாதவன்' ஞாபகம் வந்தது. அதுவும் நாராயணன் பெயர்தான். ஆனால் நான் வைத்தது பெருமாளுக்காக இல்லையே.

ஒரு முடிவுக்கு வந்தேன். 'ஓ' என்றால் பேரன். நம் 'பேரன்' என்ற வார்த்தையே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அதே மாதிரி பேத்தி, பெயர்த்தி. அவர்கள் ஒற்றை எழுத்தில் வைத்திருப்பதை நாம் உறவிலேயே வைத்திருக்கிறோம். அப்படியென்றால் என் பெண்ணுக்கு மாடசாமி என்றே சர்நேம் போட்டுவிடுவது. நாளைக்கு அவள் பிள்ளைக்கும் மாடசாமி. ஆயிரம் வருஷம் கழித்து எவனாவது வந்து, 'மாடசாமி வம்சம் சோழபுரத்தில் ஆரம்பித்தது' என்று புத்தகம் எழுதட்டும். ஒரு காலத்தில் நான் செய்த காரியத்துக்கு அது பரிகாரமாகவும் இருக்கும்.

சனிக்கிழமை ராத்திரி போன் போட்டேன்.

"அப்பா, பாப்பாவுக்கு உங்க பேரையே கடைசிப் பேராப் போட்டுறலாம்னு இருக்கேன். இனிமே நம்ம வம்சத்துக்கே மாடசாமிதான் சர்நேம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேப்பமரத்தடியில் சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எதுக்குடா?"

"வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்ப்பா. தாத்தா பேரு ஆயிரம் வருஷம் நிக்கும்."

"உன் பேரு எங்க போகும்?"

"என் பேரு... அது விழுந்துரும். பரவாயில்ல."

"பைத்தியக்காரா" என்றார் அப்பா. "பொம்பளப் பிள்ளைக்கு அப்பன் நீ கல்லுக்குண்டு மாதிரி இருக்கைல, தாத்தன் பேரு எதுக்கு? வருஷா வருஷம் ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கப் போறமே, அந்தத் தாயி என்ன போட்டா? பாட்டுப் பாடி முடிச்சு, பட்டர்பிரான் கோதைன்னு அப்பன் பேரைத்தானடா போட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் புத்தகம் புத்தகமாகப் புரட்டியும் இது தோன்றவில்லை. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்து முடிவில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. ஊர் முதலில், அப்பா பெயர் அடுத்து, தன் பெயர் கடைசியில். பக்கா இனிஷியல்! தேர் இழுத்த கைக்குத் தெரிந்திருக்கிறது.

"அதோட," என்று இழுத்தார் அப்பா, "என் பேருதான் உன் பேரோட நிக்குதுல்ல, அது போதும் எனக்கு. இல்ல... மறுபடி மாதவன்னு மாத்திட்டியா?"

நான் பேசவில்லை. என்ன பேச? அவர் சிரித்துக் கொண்டிருந்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். இத்தனை வருஷம் அவரும் அதைச் சுமந்து கொண்டுதான் இருந்திருக்கிறார், ஆனால் என்னை மாதிரி இல்லை. அது அவருக்கு ஒரு வேடிக்கைக் கதை. மகன் பிழைக்கப் போன இடத்தில் கொஞ்சம் பயந்துவிட்டான், அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"சரி விடு. அங்க மழை உண்டா?" என்றார்.

*

போன திங்கட்கிழமை நகராட்சியில் பெயர் பதிந்தாயிற்று. கோதை. அம்மாள் என்ற வாலை வெட்டிவிட்டதில் மனைவிக்கு சம்மதம். ஷ, ஸ, ஹ மூன்றும் இல்லாததில் லேசான வருத்தம். இனிஷியல் வ.க. 'வ' அவள், 'க' நான். வரிசையில் லேடீஸ் ஃபர்ஸ்ட். 2021-இல் தமிழக அரசு, முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுங்கள் என்று உத்தரவு போட்டதே, அதன்படி தமிழிலேயே எழுதினோம். விஷயம் கேள்விப்பட்டு மைத்துனன் கூட்டிப் பார்த்தான். என்ன எண் வந்தது என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறான்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தை என்ன செய்வீர்கள் என்கிறீர்களா? அதற்கு அவள் அப்பன் நான் இருக்கிறேன். விரிந்து உட்கார்ந்து கொள்வேன். பிற்காலத்தில் எந்த ஊர் ஆபீஸிலாவது அவளை 'மிஸ் கணேசன்' என்று கூப்பிட்டால், நான் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக் கொண்டிருப்பேன்.

நேற்று இரண்டரை மணிக்கு வழக்கம் போல சிவந்த முகம் தோன்றியது.

"குட்மார்னிங் மிஸ்டர் மாடசாமி!"

முன்பெல்லாம், "அது எங்க அப்பா சார், என்னை கணேசன்னு கூப்பிடுங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை.

"எஸ் சார், குட்மார்னிங்" என்றேன்.